சிமெண்ட் சாக்கில் எழுதிய பிரார்த்தனை

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்தார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். "ஹாஸ்டல் மெஸ், கேண்டீன் டீ, செமஸ்டர் அரியர், இதெல்லாம் எழுதாதே தம்பி. அதற்கு ஏற்கெனவே பதினோரு பேர் கியூவில் நிற்கிறார்கள். நீதான் சரித்திரப் புத்தகமாகப் படித்துத் தள்ளுவாயே, அதிலிருந்து ஏதாவது கொடு" என்றார்.

நான் மெக்கானிக்கல் படித்தவன். சரித்திரம் படித்தாலும் புத்தி போகிற வழி ஒன்றுதான். ஒரு பொருளைப் பார்த்தால், இதை எந்த மெட்டீரியலில் செய்தார்கள், எந்த டூலை வைத்துச் செய்தார்கள், அந்த டூல் அவர்கள் கைக்கு எப்படி வந்தது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். அதனால் ராஜாக்கள், போர்கள், ஒப்பந்தங்கள் எதுவும் இந்தக் கட்டுரையில் இல்லை. ஒரு கொம்பு, ஒரு காகிதக் கத்தை, ஒரு காலண்டர், ஒரு தோல் சுருள் என்று சில பொருட்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எல்லாமே ஹிட்லரின் ஆட்சியில் யூதர்கள் பட்ட பாட்டுக்குச் சாட்சிகள்.

பின்னணி கொஞ்சம்

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தது முதல் 1945இல் ஜெர்மனி தோற்றது வரை ஐரோப்பாவில் சுமார் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். இது நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்த எண்தான். ஆனால் ஆளைக் கொல்வதற்கு முன்னால் அவனுடைய அடையாளத்தைக் கொல்லும் வேலையை நாஜிகள் தொடங்கிவிட்டார்கள். 1938 நவம்பர் 9 இரவும் மறுநாளும் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் 1,400க்கும் அதிகமான ஜெப ஆலயங்கள் எரிக்கப்பட்டன அல்லது சூறையாடப்பட்டன. உள்ளே இருந்த தோரா சுருள்களைத் தெருவில் போட்டு மிதித்தார்கள், கொளுத்தினார்கள்.

தோரா என்பது யூதர்களின் வேதத்தின் முதல் ஐந்து ஆகமங்கள். விலங்குத் தோலைப் பதப்படுத்தி, அதன்மேல் இறகுப் பேனாவால் கையாலேயே எழுதவேண்டும். மொத்தம் 3,04,805 எழுத்துக்கள். ஓர் எழுத்து தவறினாலும் அதைத் திருத்தும்வரை அந்தச் சுருளை வழிபாட்டில் வாசிக்கக்கூடாது. நம்ம பாஷையில் சொன்னால் ஜீரோ டாலரன்ஸ்!

இன்னொன்றையும் சொல்லவேண்டும். யூத மதம் மனதுக்குள் நினைத்துக்கொண்டால் போதும் என்கிற மதம் அல்ல. இன்ன நாளில், இன்ன பொருளை வைத்து, இன்ன முறையில் செய்யவேண்டும் என்று எல்லாவற்றுக்கும் விதி உண்டு. புத்தாண்டுக்குக் கொம்பு ஊதவேண்டும், ஹனுக்காவுக்கு விளக்கேற்றவேண்டும், பஸ்காவில் புளித்த மாவு ரொட்டியைத் தொடக்கூடாது. அப்படியானால், எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு, தலையை மழித்து, கையில் நம்பர் குத்தி அடைத்துவைத்த இடத்தில் அவர்கள் என்னதான் செய்திருக்க முடியும்?

ஆயுதத் தொழிற்சாலையில் ஒரு கொம்பு

போலந்தில் ஸ்கார்ஷிஸ்கோ-கமியென்னா என்ற ஊரில் ஹசாக் என்ற ஜெர்மன் கம்பெனி வெடிமருந்தும் தோட்டாக்களும் செய்துகொண்டிருந்தது. வேலைக்கு ஆள் யார்? சம்பளம் இல்லாத யூதக் கைதிகள். அந்த முகாமில் இட்ஸ்ஹாக் ஃபின்க்லர் என்ற ஆன்மிகத் தலைவர் இருந்தார். ரடோஷிட்சே ஊர் ரெபி என்று அவரை அழைப்பார்கள். 1943இல் புத்தாண்டு நெருங்கியபோது, எப்படியாவது ஒரு ஷோஃபார் செய்து தரமுடியுமா என்று அவர் கேட்டார். ஷோஃபார் என்பது புத்தாண்டில் ஊதுகிற ஆட்டுக்கடாக் கொம்பு.

கேட்டது மோஷே வின்டர்டர் என்ற தொழிலாளியிடம். பின்னாளில் பென்-டோவ் என்று பெயரை மாற்றிக்கொண்டவர். முகாமின் உலோகப் பட்டறையில் வேலை பார்த்ததால் அவர் கைக்கு எட்டும் இடத்தில் டூல்ஸ் இருந்தது. கொம்புக்கு எங்கே போவது? வெளியிலிருந்து வந்துபோகும் ஒரு போலந்துக்காரருக்கு லஞ்சம் கொடுத்தார்கள். அவர் கொண்டுவந்ததோ மாட்டுக் கொம்பு! விதிப்படி மாட்டுக் கொம்பு ஆகாது. "ஆபத்துக்குப் பாவமில்லை, இதையே வைத்துக்கொள்வோம்" என்று அவர்கள் விட்டுவிடவில்லை. மறுபடியும் லஞ்சம் கொடுத்து ஆட்டுக்கடாக் கொம்பு வரவழைத்தார்கள்.

ஃபர்ஸ்ட் இயர் ஒர்க்ஷாப் ஞாபகம் இருக்கிறதா? ஒரு மைல்டு ஸ்டீல் துண்டை வைஸில் மாட்டி, ஃபைலைப் பிடித்துத் தேய்த்துத் தேய்த்து, இன்ஸ்ட்ரக்டரிடம் காட்டினால் ட்ரை ஸ்கொயரை வைத்துப் பார்த்துவிட்டு "வெளிச்சம் தெரியுது, போய்த் தேய்" என்பாரே! அதை நினைத்துக்கொண்டு இந்த வேலையை யோசித்துப் பாருங்கள். கொம்பு என்பது நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருளால் ஆனது. உள்ளே ஒரு எலும்புத் தண்டு இருக்கும், அதை எடுக்கவேண்டும். நுனிப்பக்கம் கெட்டியாக இருக்கும், அறுத்துவிட்டு உள்ளே இருக்கும் குழியைப் போய்ச் சேரும்படி துளையிடவேண்டும். கொம்போ வளைந்தது. ட்ரில் கொஞ்சம் விலகினால் பக்கவாட்டில் ஓட்டை விழும், அவ்வளவு பாடும் வீண். துளையிடும்போது முடி பொசுங்கிய மாதிரி நாற்றம் வேறு கிளம்பும். யாராவது மோப்பம் பிடித்தால் கேள்வி விசாரணை கிடையாது, சாவுதான். தோட்டா செய்வதற்காக வைத்த டூலை எடுத்து ஒரு மனிதர் இதைச் செய்து முடித்தார். 1943 புத்தாண்டில் அந்த முகாமில் ஷோஃபார் ஒலித்தது.

பின்பு அவர் வேறு முகாமுக்கு மாற்றப்பட்டபோது கொம்பும் கூடவே போனது. அங்கிருந்து அவரைப் புக்கன்வால்டுக்கு அனுப்பியபோது அது கைவிட்டுப் போயிற்று. போருக்குப் பிறகு பல கைகள் மாறி, 1977இல் ஜெருசலேமில் உள்ள யாத் வாஷெம் நினைவகத்துக்கு வந்து சேர்ந்தது.

சிமெண்ட் காகிதம்

நம்ம சிவில் நண்பர்களுக்கு சிமெண்ட் மூட்டைக் காகிதத்தைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. சைட்டில் காற்றில் பறக்கும், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். நஃப்தலி ஸ்டெர்ன் என்பவருக்கு அது பொக்கிஷமாக இருந்தது.

ஸ்டெர்ன் இன்றைய ருமேனியாவில் உள்ள சத்து மாரே ஊர்க்காரர். 1944இல் மனைவி, நான்கு பிள்ளைகளுடன் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோகப்பட்டார். மனைவி பிள்ளைகள் அங்கே கொல்லப்பட்டார்கள். அவரை மட்டும் வேலைக்கு என்று வோல்ஃப்ஸ்பெர்க் முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே நாஜிகள் மலையைக் குடைந்து பிரம்மாண்டமான சுரங்கங்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். சிமெண்டுக்குப் பஞ்சமில்லை.

புத்தாண்டு வந்தது. கையில் பிரார்த்தனைப் புத்தகம் இல்லை. தன் பங்கு ரொட்டியைக் கொடுத்து ஒரு துண்டுப் பென்சிலும் சிமெண்ட் சாக்குக் காகிதமும் வாங்கினார். நாள் முழுக்கக் கல் உடைக்கிறவனுக்கு அந்த ஒரு துண்டு ரொட்டிதான் உயிர் என்பதை நினைவில் வையுங்கள். அதைக் கொடுத்துவிட்டு, புத்தாண்டு வழிபாட்டை மனப்பாடத்திலிருந்து எழுதினார். குடும்பத்தைப் பறிகொடுத்துச் சில மாதங்களே ஆன மனிதர் அவர்.

அவர் உயிர் பிழைத்தார். அச்சடித்த புத்தகங்கள் எத்தனையோ கிடைத்த பிறகும், ஒவ்வொரு வருடமும் புத்தாண்டு அன்று அந்தச் சிமெண்ட் காகிதத்தைப் பார்த்தே பிரார்த்தித்தார். பல பத்தாண்டுகள் கழித்து, காகிதம் நைந்து உதிரத் தொடங்கிய பிறகுதான் அதை யாத் வாஷெமுக்குக் கொடுத்தார்.

தேதி தெரியாத இடத்தில் காலண்டர்

முகாமில் ஞாயிறும் இல்லை, திங்களும் இல்லை. எல்லாம் ஒரே நாள்தான். அப்படிப்பட்ட இடத்தில் பண்டிகை எப்போது என்று யார் சொல்வது?

யூதர்களின் மாதம் சந்திரனைப் பின்பற்றுவது. 12 சந்திர மாதம் கூட்டினால் 354 நாள்தான் வரும், சூரிய ஆண்டுக்கு 11 நாள் குறையும். அதைச் சரிக்கட்ட 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். தெலுங்கு, கன்னடப் பஞ்சாங்கங்களில் அதிக மாதம் வருகிறதே, கிட்டத்தட்ட அதே கணக்கு. 1943 வசந்தத்தில் அப்படி ஒரு கூடுதல் மாதம் வந்தது. அதை ஒருவர் மறந்திருந்தால் பஸ்காவை ஒரு மாதம் முன்னதாகக் கொண்டாடியிருப்பார். அந்த வருடத்துப் பஸ்காவுக்கு முந்தைய நாளான ஏப்ரல் 19 அன்றுதான் வார்சா கெட்டோ எழுச்சி தொடங்கியது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் இல்லை, லாக் டேபிள் இல்லை, கால்குலேட்டர் இல்லை. மனக்கணக்குப் போட்டுக் காலண்டர் எழுதியவர்கள் பல முகாம்களில் இருந்தார்கள். தெரேசியன்ஸ்டாட் கெட்டோவில் ஆஷர் பெர்லிங்கர் என்ற ஆசிரியர் 1943–44ஆம் ஆண்டுக்கு எழுதிய காலண்டர் இன்றும் இருக்கிறது. வெறும் தேதிப் பட்டியல் அல்ல, ஓவியங்களோடு அழகாகச் செய்தது. அடுத்த வருடம் இருப்போமா என்று தெரியாதவர் அடுத்த வருடத்துக்குக் காலண்டர் போட்டிருக்கிறார்! அவர் 1944இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்.

ரொட்டி தின்பதற்கு ஒரு பிரார்த்தனை

இதைப் படித்துவிட்டு, "உயிரே போனாலும் விதியை மீறமாட்டார்கள் போலிருக்கிறது" என்று யாராவது முடிவு கட்டினால் அது சரியல்ல. உயிரைக் காப்பது அநேகமாக மற்ற எல்லா விதிகளுக்கும் மேலே என்பது யூதச் சட்டத்திலேயே உள்ள விதி.

1944 பஸ்காவின்போது பெர்கன்-பெல்சன் முகாமில் இந்தக் கேள்வி நிஜமாகவே வந்தது. பஸ்கா நாட்களில் புளித்த மாவு ரொட்டி கூடாது. முகாமில் கிடைப்பதோ அந்த ரொட்டி ஒன்றுதான். தின்றால் விதி போகும், தின்னாவிட்டால் உயிர் போகும். அங்கே இருந்த டச்சு ரபிகள், ஆரோன் டேவிட்ஸ் உள்ளிட்டவர்கள், ஒரு வழி கண்டார்கள். ரொட்டி தின்பதற்கு முன் சொல்ல ஒரு சின்னப் பிரார்த்தனையை எழுதினார்கள். பண்டிகையை முறைப்படி செய்வதே எங்கள் விருப்பம், அடிமைத்தனம் தடுக்கிறது, உயிரோடு இருக்கவேண்டும் என்ற உன் கட்டளையை நிறைவேற்றவே இதைத் தின்கிறோம் என்பது அதன் சாரம். விதியை மீறினோமே என்ற குற்றவுணர்ச்சியோடு தின்னவிடாமல், தின்பதையே ஒரு வழிபாடாக்கிவிட்டார்கள்.

லித்துவேனியாவில் கோவ்னோ கெட்டோவில் எஃப்ராயிம் ஓஷ்ரி என்ற இளம் ரபியிடம் ஜனங்கள் இப்படிப்பட்ட கேள்விகளைக் கொண்டுவந்தபடி இருந்தார்கள். அதில் ஒன்று: என்னை அடிமையாகப் படைக்காததற்கு நன்றி என்று தினமும் காலையில் சொல்கிறோமே, இப்போது அதை எந்த வாயால் சொல்வது? சொல்லத்தான் வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார் ஓஷ்ரி. உடம்பை அடிமையாக்கலாம், உள்ளே இருப்பவனை ஆக்கமுடியாது, அதை மறக்காமல் இருக்கவே சொல்லுங்கள் என்றார். கேள்விகளையும் பதில்களையும் துண்டுக் காகிதங்களில் குறித்து (அதுவும் சிமெண்ட் சாக்கிலிருந்து கிழித்தது!) தகர டப்பாக்களில் போட்டு மண்ணில் புதைத்தார். போருக்குப் பின் தோண்டி எடுத்து, 1959 முதல் 1979 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார்.

எல்லோரும் இப்படி இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கடவுளே இல்லை என்று அங்கேயே முடிவுக்கு வந்தவர்கள் ஏராளம். பிழைத்து வந்தபிறகு ஒரு நாளும் ஜெப ஆலயப் படி ஏறாதவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மூன்று வேளை சாப்பிட்டுவிட்டு எழுதுகிற நமக்கு என்ன யோக்கியதை?

ப்ராக் நகரத்துக் கிடங்கு

சில பொருட்களை நாஜிகளே சேர்த்துவைத்த விசித்திரமும் நடந்தது. செக் நாட்டின் போஹீமியா, மொராவியா பகுதிகளில் யூதர்களை ஊர் ஊராக அப்புறப்படுத்தியபோது, அந்தந்த ஊர் ஜெப ஆலயப் பொருட்கள் 1942 முதல் ப்ராக் யூத மியூசியத்துக்கு வந்து குவிந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள். யூத ஊழியர்கள் ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு, கார்டு எழுதி, ஊர் பெயரோடு பதிவு செய்தார்கள். செய்துகொண்டிருந்தவர்களையே ஒவ்வொருவராக முகாமுக்கு அனுப்பினார்கள். ஹனா வோலாவ்கோவா என்ற நிபுணர் பிழைத்திருந்து போருக்குப் பிறகு மியூசியத்தை நடத்தினார். அழிந்துபோன இனத்தின் மியூசியம் ஒன்றை அமைக்க நாஜிகள் திட்டமிட்டார்கள் என்று பரவலாகச் சொல்வதுண்டு. ஆனால் அதற்கு ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. பொருட்களையாவது காப்பாற்றுவோம் என்று யோசனை சொன்னது யூத நிபுணர்கள்தான் என்பது இன்றைய ஆய்வாளர்களின் கருத்து.

அங்கிருந்த தோரா சுருள்களில் 1,564 சுருள்கள் 1964 பிப்ரவரியில் லண்டனில் உள்ள வெஸ்ட்மின்ஸ்டர் ஜெப ஆலயத்துக்கு வந்தன. ஒருநாள் டேவிட் பிராண்ட் என்ற எழுத்தர் அந்தக் கதவைத் தட்டி, பழுது பார்க்கச் சுருள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாராம். இருந்தது, ஆயிரத்துக்கு மேல்! கிட்டத்தட்ட முப்பது வருடம் அங்கேயே உட்கார்ந்து எழுத்து எழுத்தாகச் சரிசெய்தார். இன்று அந்தச் சுருள்கள் உலகம் முழுக்க உள்ள சமூகங்களுக்குக் கடனாக அனுப்பப்பட்டு, மறுபடியும் வாசிக்கப்படுகின்றன.

விண்வெளிக்குப் போன சுருள்

கடைசியாக ஒன்று. இதில் நமக்கும் ஒரு உறவு இருக்கிறது.

மேலே சொன்ன அதே பெர்கன்-பெல்சன் முகாமில் சைமன் டாஸ்பெர்க் என்ற டச்சு ரபி இருந்தார். உள்ளங்கை அளவுள்ள, நாலரை அங்குல உயரத் தோரா சுருள் ஒன்றை ஒளித்து வைத்திருந்தார். அங்கே யோவாகிம் ஜோசப் என்ற பையனுக்கு 13 வயது ஆகப்போகிறது என்று தெரிந்தது. யூதப் பையன் 13 வயதில் சபை நடுவே தோராவை வாசித்து முழு மனிதனாவான். பார் மிட்ஸ்வா என்று பெயர். ரபி அவனுக்கு ரகசியமாகப் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1944 மார்ச்சில் ஒருநாள், விடிவதற்கு முன், ஜன்னல்களைக் கம்பளியால் மூடிவிட்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பையன் வாசித்தான். முடிந்ததும் ரபி சுருளை அவனிடமே கொடுத்துவிட்டார். நான் இங்கிருந்து உயிரோடு போகமாட்டேன், நீ போகக்கூடும், இங்கே நடந்ததை நீ வெளியே சொல்லவேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டார். 1945 பிப்ரவரியில் ரபி இறந்தார். பையன் பிழைத்தான்.

பையன் வளர்ந்து டெல் அவீவ் பல்கலைக்கழகத்தில் வளிமண்டல இயற்பியல் விஞ்ஞானி ஆனார். கொலம்பியா விண்ஓடத்தில் பாலைவனத் தூசியை ஆராயும் இஸ்ரேலியச் சோதனைக்குத் தலைமை வகித்தவர்களில் அவரும் ஒருவர். அதை விண்வெளியில் நடத்தப்போனவர் இலன் ராமோன், இஸ்ரேலின் முதல் விண்வெளி வீரர். அவருடைய தாயார் ஆஷ்விட்ஸில் இருந்து தப்பியவர். ஜோசப் வீட்டில் சுருளைப் பார்த்து, கதையைக் கேட்ட ராமோன், இதை என்னோடு எடுத்துப்போகலாமா என்று அனுமதி கேட்டார். 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா கிளம்பியது. பயணத்தின் நடுவே பிரதமர் ஷரோனுடன் நேரலையில் பேசியபோது, ராமோன் அந்தச் சுருளை உலகத்துக்கே தூக்கிக் காட்டினார். ரபி வாங்கிய வாக்கு நிறைவேறியது.

அதே ஓடத்தில்தான் நம்ம கல்பனா சாவ்லாவும் இருந்தார். நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். பிப்ரவரி 1, தரையிறங்க 16 நிமிடம் இருக்கையில் கொலம்பியா சிதறியது. ஏழு பேரும் போனார்கள், சுருளும் போனது. ஏவிய 81 விநாடியில் எரிபொருள் டேங்கிலிருந்து பெயர்ந்த முக்கால் கிலோ நுரைத் துண்டு இடது இறக்கையில் அடித்ததுதான் காரணம். அதைப் படம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று சில இன்ஜினியர்கள் கேட்டும், மேலே இருந்தவர்கள் கேட்கவில்லை என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. தொழிலில் இருக்கும் நாம் எல்லோரும் படிக்கவேண்டிய அறிக்கை அது.

இரண்டு மாதம் கழித்து டெக்சாஸில் ஒரு வெட்டவெளியில் ராமோனின் டைரித் தாள்கள் கிடைத்தன. சுமார் 60 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, அவ்வளவு சூட்டைத் தாண்டி, வெறும் காகிதம் விழுந்து தப்பியிருக்கிறது! ஜெருசலேமில் நிபுணர்கள் பாடுபட்டு அதைப் படித்தார்கள். ஒரு தாளில் இருந்தது, ஓய்வுநாள் இரவில் சொல்வதற்காக ராமோன் தன் கையால் எழுதிவைத்திருந்த பிரார்த்தனை. வோல்ஃப்ஸ்பெர்க்கில் ஸ்டெர்ன் செய்ததும் அதையேதான்.

2006 செப்டம்பரில், ராமோனின் மனைவி கேட்டுக்கொண்டபடி, பெர்கன்-பெல்சனிலிருந்து தப்பிய இன்னொரு சின்னச் சுருளைக் கனடா வீரர் ஸ்டீவ் மக்லீன் அட்லாண்டிஸ் ஓடத்தில் எடுத்துச் சென்றார். அது பத்திரமாகத் திரும்பி வந்தது.

தம்பி தங்கைகளுக்கு

இப்போது நம் கல்லூரியில் படிக்கும் மாணவ மாணவியருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் கடவுளை நம்புகிறவரா இல்லையா என்பது உங்கள் சொந்த விஷயம். எனக்கு இந்தப் பொருட்கள் சொல்வது வேறு. கொம்பு செய்தவரிடம் கைத்தொழில் இருந்தது, காலண்டர் போட்டவரிடம் கணக்கு இருந்தது, ஸ்டெர்னிடம் மனப்பாடம் இருந்தது. வீடு, காசு, பெயர் எல்லாவற்றையும் பிடுங்கியவர்களால் இவற்றைப் பிடுங்க முடியவில்லை. "எல்லாம் போனில் இருக்கிறது, எதற்கு மனப்பாடம்?" என்று கேட்கிற காலத்தில் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. பொருள் ஒருநாள் அழியும். டாஸ்பெர்க்கின் சுருள் அழிந்துவிட்டது. அது நமக்குத் தெரிவதற்குக் காரணம், சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்த பையன் சொன்னதுதான். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் பித்தளைத் தராசோ, ஆச்சியின் ஏட்டுக்கட்டோ, அப்பாவின் கருகிய ஸ்லைடு ரூலோ கிடக்கலாம். அதை யார் செய்தார், எதற்காக வைத்திருந்தார், எப்படி இந்த வீட்டுக்கு வந்தது என்று இந்த லீவிலேயே பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். கேட்க ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.